வியன்னாவுக்கு வேறு வழி

வெள்ளிக்கிழமை மதிய வகுப்பு முடிந்ததும் எங்கள் விடுதி காலியாகிவிடும். செக் நாட்டின் பிர்னோவில் படிக்க வந்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் யாரும் சனி, ஞாயிறில் அறையில் தங்க மாட்டோம். முதுகுப்பையில் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பிரஷ், காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் சீஸும். இந்த வாரம் வியன்னா என்றால் அடுத்த வாரம் கிராக்கோவ், அதற்கடுத்த வாரம் புடாபெஸ்ட். ஞாயிறு மாலை திரும்பி வந்து சமையலறையில் கூடி, யார் எந்த ரயிலைக் கோட்டைவிட்டார்கள், யார் எந்தத் தெருவில் தொலைந்தார்கள் என்று ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் கத்துவோம்.

எங்கள் மாடியில் எங்கும் போகாதவள் பெகிமாய் ஒருத்திதான்.

அவள் கிர்கிஸ்தானில் நரின் என்ற மலை ஊரிலிருந்து நீரியல் படிக்க வந்தவள். ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்த எனக்கும், இத்தாலியின் தெற்கிலிருந்து வந்த எத்தோரேவுக்கும், பின்லாந்துக்காரி கிர்ஸிக்கும் எல்லை என்பது கைபேசியில் ‘நல்வரவு’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும் இடம், அவ்வளவுதான். பெகிமாய்க்கு அப்படியில்லை. அவளுடைய விசாக்காலம் முடிந்து, தங்கும் அனுமதி அட்டைக்கு மனு போட்டிருந்தாள். அட்டை கைக்கு வரும்வரை செக் நாட்டுக்குள் இருக்கலாம், படிக்கலாம், எல்லையைத் தாண்டக்கூடாது. வரிசை நீளமானது. இலையுதிர் காலம் போய்ப் பனி வந்தது. அட்டை வரவில்லை.

அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரவில்லை. எங்கள் பயணங்களை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். எந்த ரயில் எங்கே நிற்கும், எந்த ஸ்டேஷனில் மாறினால் கூட்டம் இருக்காது, ஒரு வண்டி தவறினால் அடுத்தது எது, அதுவும் தவறினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பிற பெண்கள் ஆடைக்கடை ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவள் ஐரோப்பிய ரயில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை புடாபெஸ்ட்டில் நாங்கள் மூவரும் பிளாட்பாரத்தில் காத்திருந்தோம். பிர்னோ ரயில் பலகையிலேயே காணோம். எத்தோரே அவளுக்கு போன் போட்டான்.

“பெகி, ரயிலையே காணோம்டீ. ரத்து பண்ணிட்டாங்க போல.”

“முதல்ல எந்த ஸ்டேஷன்ல நிக்கிறீங்க? பேரைப் படி.”

“கெ... கெலெட்டி.”

“அறிவுகெட்டவனே, நான் ந்யுகாதின்னு மூணு தடவை சொன்னேன். ஓடு. சிவப்பு மெட்ரோ. தேயாக்ல இறங்கி நீலத்துக்கு மாறு. நீலத்துல கடைசிப் பெட்டியில ஏறாத, முன்னாடி ஏறு.”

ஓடினோம். கதவு மூடும்போது ஏறினோம். எத்தோரே மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “அந்த ஊர் மண்ணையே மிதிக்காதவ, அங்கயே பொறந்து வளர்ந்தவ மாதிரி அதட்டுறா பாரு.”

டிசம்பரில் வியன்னாவின் கிறிஸ்துமஸ் சந்தையிலிருந்து அவளுக்கு ஒரு சிவப்புக் கோப்பை வாங்கி வந்தோம். அவள் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

“அழகா இருக்கு உஷியா. நீயே வச்சுக்கோ. நான் அங்க போவேன், எனக்கானதை நானே வாங்கிப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு எங்களில் யாரும் அவளுக்கு நினைவுப்பொருள் வாங்கி வரவில்லை. அவளைப் பார்த்து யாரும் ‘பாவம்’ என்று சொல்லவும் இல்லை.

நாங்கள் ஊர் சுற்றிய சனிக்கிழமைகளில் அவள் உள்ளூர்க்காரர்களோடு நடந்தாள். பிர்னோவில் நடைக்குழு ஒன்று உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு பல் டாக்டர், இரண்டு நாய்கள். அவர்களோடு காடு மேடெல்லாம் நடந்து, வழியில் சூப்புக் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே செக் மொழி அவளுக்கு வாயில் வந்துவிட்டது. நாங்கள் ‘நன்றி’, ‘ஒரு பீர்’ என்பதைத் தாண்டவில்லை. அவள் விடுதிக் காவலரோடு அரசியல் பேசுவாள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை அட்டை வந்தது. சமையலறை மேசையில் அதை வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். எத்தோரே அதைத் தூக்கிக் கத்திய கத்தலில் கீழ்மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

“எங்க போறோம்? சொல்லு! வியன்னாதானே?”

“வியன்னா எப்ப வேணா போகலாம். இத்தாலிக்கு. ட்ரியெஸ்தே.”

“அவ்வளவு தூரமா?”

“கடல் பாக்கணும்,” என்றாள்.

கிர்ஸி அதிகம் பேசாதவள். “சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்போதே போய்ப் பையை எடுத்துவைத்தாள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை இருந்தது. அதை அவள் சொல்லவே இல்லை. எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ரயில் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது பெகிமாய் ஜன்னலில் நெற்றியை ஒட்டியபடி இருந்தாள். எல்லோர் கைபேசியும் ஒரே நேரத்தில் சிணுங்கியது.

“இங்கயா?”

“இங்கதான்.”

“ஒரு கோடுகூட இல்லையே,” என்றாள். வெளியே இந்தப் பக்கமும் உழுத வயல், அந்தப் பக்கமும் உழுத வயல்.

அன்று ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் தங்கி, மறுநாள் காலை ட்ரியெஸ்தே ரயிலைப் பிடித்தோம். இத்தாலிய எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். அவர் எங்கள் வரிசைக்கு வருமுன்பே பெகிமாய் எழுந்து நின்று அட்டையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், திருப்பினார், கொடுத்தார், போய்விட்டார்.

“அவ்வளவுதானா?” என்றாள் உட்கார்ந்து. “ஒரு கேள்விகூட கேக்கல! எதுக்கு வந்தே, எங்க தங்குவே... எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன்டீ!”

நாங்கள் சிரித்ததில் அந்தப் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

ட்ரியெஸ்தேயில் காற்று ஆளைத் தள்ளியது. அந்த ஊர்க் காற்றுக்குப் பேரே தனி. நடைபாதையில் ஆட்கள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடலுக்குள் நீளும் கல்பாலத்தின் நுனிவரை பெகிமாய் குனிந்து குனிந்து நடந்தாள். நாங்கள் பின்னால். நுனியில் படியிறங்கி, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“எப்படி?” என்று கேட்டேன். நான் கடற்கரையில் பிறந்தவள். எனக்கு அவளுடைய பதில் வேண்டியிருந்தது.

“எங்க இசிக்-குல் ஏரியும் உப்புதான். இது கொஞ்சம் ஜாஸ்தி.” பிறகு நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தாள். “ஆனா இதுக்கு எதிர்க்கரை தெரியல,” என்றாள்.

ஞாயிறு காலை வியன்னா ரயிலில் ஏறினோம். எங்கள் பெட்டி முழுக்க ஒரு பாடகர் குழு. ட்ரியெஸ்தே நகரப் பேருந்து ஓட்டுநர்கள். இருபத்தாறு பேர், ஆணும் பெண்ணும். ஆடைகள் அடங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்றை நடைவழியில் வைத்திருந்தார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு வியன்னாவில் அவர்கள் கச்சேரி. பல நாட்டுத் தொழிலாளர் குழுக்கள் பாடும் விழா. குழுவை நடத்தியவர் ஓந்தினா. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, அகன்ற தோள்கொண்ட அம்மாள். எத்தோரே அவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான்.

“தம்பி, அது என் இடம். எந்த ஊர் நீ?”

“தாரந்தோ.”

“தெற்கா? அதான். உக்காந்த இடம் சொந்த இடம்னு நெனப்பு.”

“நீங்க எழுப்பினா எழுந்துக்குவோம், அம்மா. வடக்கத்திக்காரங்க எழுப்பினாலும் எழுந்துக்க மாட்டாங்க.”

குழுவே சிரித்தது. மூட்டு வலிக்காரரான ரெனாத்தோ எங்களுக்குப் பிஸ்கட் கொடுத்தார். அவர்கள் பாடிப் பழகிக்கொண்டே வந்தார்கள். ஓந்தினா விரலால் மேசையில் தட்டுவார். ஒரு குரல் பிசகினாலும் பெயர் சொல்லி அதட்டுவார். வெளியே மழையும் பனியும் கலந்து அடித்தது. காற்று எங்களோடு கூடவே வந்தது.

லுப்லியானாவைத் தாண்டி ஒருமணி நேரம் போனதும், சிதானி மோஸ்ட் என்ற சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஆற்றங்கரையில், இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிய இடம். நின்றது நின்றதுதான். பிறகு அறிவிப்பு வந்தது: முன்னால் மின்கம்பிமேல் மரங்கள் விழுந்திருக்கின்றன, ரயில் மேலே போகாது, எல்லோரும் இறங்கவும், பேருந்துகள் வரும்.

ரயிலில் இருந்த ஜனம் முழுக்கப் பிளாட்பாரத்தில் இறங்கியது. பெட்டியும் குழந்தையுமாக எல்லோரும் சாலைப்பக்கம் வரிசையில் நின்றார்கள். நாங்களும் நிற்கப் போனோம். பெகிமாய் வரவில்லை. ஸ்டேஷன் ஊழியர் ஒருவரிடம் போய்ச் செக் மொழியில் மெதுவாகப் பேசினாள். அவருடையது ஸ்லோவேனிய மொழி. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊருக்கு வாழப்போன மொழிகள். பாதி புரியும், மீதியைக் கை காட்டும்.

திரும்பி வந்து எங்கள் மூவரையும் ஓரமாக இழுத்தாள்.

“ரெண்டு பஸ்தான் வருது. அதுவும் ஆத்தோரம் இருக்குற அதே ரோடு. அங்கயும் மரம் விழுந்திருக்கு. எப்ப வரும்னு அவருக்கே தெரியல.”

“அப்ப இங்கயே கிடக்க வேண்டியதுதானா?” என்றேன்.

“இல்ல. வேற வழி இருக்கு. பின்னாடி லுப்லியானா போறோம். அங்கேருந்து வடக்கால மலையைக் குடைஞ்சு ஆஸ்திரியாவுக்கு ஒரு லைன் போகுது. ஃபில்லாக்ல இறங்கினா வியன்னாவுக்கு வேகமான ரயில். அந்த லைன் திறந்திருக்கான்னு கேட்டுட்டேன். திறந்திருக்கு. லுப்லியானா வண்டி இதோ இப்ப கிளம்பும்.”

“போலாம்,” என்றாள் கிர்ஸி.

பெகிமாய் நகரவில்லை. பிளாட்பாரத்தின் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓந்தினா மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, வியன்னாவுக்கு போன் செய்துகொண்டிருந்தார். ‘ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியாதா?’ என்று கேட்டதையும், முடியாது என்று பதில் வந்ததையும் எத்தோரே எங்களுக்குச் சொன்னான். இந்த விழாவுக்காக அந்த ஓட்டுநர்கள் ஒரு வருடம் வேலை முடிந்தபின் பாடிப் பழகியிருந்தார்கள்.

“அவங்களையும் கூட்டிட்டுப் போலாம்,” என்றாள் பெகிமாய்.

“இருபத்தாறு பேர்,” என்றாள் கிர்ஸி.

“ரயில்ல இடம் இருக்கு.”

எத்தோரே மொழிபெயர்க்க, பெகிமாய் ஓந்தினாவின் முன்னால் நின்று வழியைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா பொண்ணே, என் வாழ்நாள் பூரா பஸ் ஓட்டியிருக்கேன். முன்னாடி போகணும்னா பின்னாடி திரும்புன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல.”

“உங்க தெருவுல மரம் விழுந்து கிடந்தா என்ன செய்வீங்க அம்மா? பஸ்ஸை நிறுத்திட்டு உக்காந்திருப்பீங்களா?”

“எதுக்கு உக்காரணும்? வேற தெருவுல திருப்புவேன்.”

“அதையேதான் நானும் சொல்றேன்.”

ஓட்டுநர்கள் நடுவில் ஒரு சிரிப்பு ஓடியது. ஓந்தினா சிரிக்கவில்லை.

“நீ அந்த வழியில போயிருக்கியா?”

எத்தோரே இதை மொழிபெயர்க்கத் தயங்கினான். அவன் முகத்தைப் பார்த்தே பெகிமாய்க்குக் கேள்வி புரிந்துவிட்டது.

“இல்லம்மா. ஒரு தடவைகூட இல்ல. என் நாட்டைத் தவிர செக் நாடு ஒண்ணுதான் தெரியும் எனக்கு. அதைத் தாண்டினதே முந்தாநேத்துதான். ஆனா வழி தெரியும்.”

பொய் சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். நான் உள்ளுக்குள் தவித்தேன். ஓந்தினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவளை நம்பலாம் அம்மா,” என்றான் எத்தோரே. “புடாபெஸ்ட்ல நாங்க...”

“உன்னைக் கேக்கலடா தெற்கத்தியான்.” அவர் பெட்டியிலிருந்து எழுந்தார். “தெரியாததைத் தெரியும்னு சொல்லாதவ இவ. போதும். ரெனாத்தோ, எழுந்திரு. பெட்டியைத் தூக்குங்க.”

கிளம்புமுன் பெகிமாய் அத்தனை பேர் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு ஓடினாள். மாற்று வழியில் செல்லலாம் என்று ஊழியரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். “இது இல்லன்னா ஆஸ்திரியாக்காரன் நம்மளை ஏத்த மாட்டான்,” என்றாள். எனக்கெல்லாம் அது தோன்றியே இருக்காது.

லுப்லியானா போகும் சின்ன வண்டியில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உஷியா, அந்த லைன்லயும் மரம் விழுந்துட்டா?”

“விழாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு என்ன தெரியும்? நீ இருக்கேங்குற தைரியத்துல சொல்றேன்.”

அவள் என் கையை விடவில்லை.

லுப்லியானாவில் ரயில் மாறினோம். வடக்கு வழி திறந்தேயிருந்தது. ஆனால் காற்றுக்குப் பயந்து வண்டி மெதுவாகப் போனது. மலை நெருங்க நெருங்க எங்களுக்குத் தாமதம் ஏறிக்கொண்டே போனது. ஃபில்லாக்கில் வண்டி மாற இருந்த அவகாசம் கரைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விட்டது. அந்த வியன்னா ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது கச்சேரி தொடங்கியபிறகுதான் போய்ச் சேரும்.

குழுவில் ஒருவர் முணுமுணுக்கத் தொடங்கினார். இன்னொருவர் சத்தமாகவே சொன்னார்: “அங்கயே இருந்திருந்தா பஸ்ஸாவது வந்திருக்கும்.” எத்தோரே அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

பெகிமாய் எழுந்துபோய் ரயில் கண்டக்டரைப் பிடித்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி; மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். பெகிமாய் செக்கில் சொல்ல, அவர் ஸ்லோவேனியத்தில் பதில் சொல்ல, நடுவில் சில ரஷ்யச் சொற்களும் வந்து விழுந்தன.

“ஃபில்லாக்குக்கு ஒரு போன் பண்ணுங்க. வியன்னா ரயிலை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. முப்பது பேர் இருக்கோம். இவங்க பாட்டுக்காரங்க. ராத்திரி எட்டு மணிக்குப் பாடணும்.”

“பாட்டுக்காரங்களா?” அவர் எட்டிப் பார்த்தார். “எல்லாம் லாரி ஓட்டுறவங்க மாதிரில்ல இருக்காங்க!”

“பஸ் ஓட்டுறவங்க.”

“அப்படியா? பாடச் சொல்லு, கேட்டுட்டு போன் பண்றேன்.”

பெகிமாய் திரும்பி ஓந்தினாவைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவருக்கு விஷயம் சொல்லப்பட்டதும், குழு முழுவதும் நடைவழியிலேயே எழுந்து நின்றது. ஓடும் ரயிலில், இருக்கை முதுகுகளைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். முணுமுணுத்தவரும் பாடினார். கடலில் இருக்கும் கணவனைக் கரையில் நின்று திட்டும் பாட்டு அது. ஊரில் பழைய பாட்டாம். கண்டக்டர் கதவில் சாய்ந்து ஒரு சரணம் கேட்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பெட்டிக்குப் போனார். வந்து சொன்னார்:

“அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுறாங்க. அதுக்கு மேல ஆண்டவனே வந்து கேட்டாலும் நிக்காது. ரெண்டாம் பிளாட்பாரம். சுரங்கப்பாதையில இறங்கி ஏறணும். முன்பக்கக் கதவுல நில்லுங்க.”

வண்டி நிற்கும்போதே இறங்கினோம். சுரங்கப்பாதைப் படிகளில் முப்பது பேர் தடதடவென்று ஓடினோம். நால்வராகச் சுமந்த மரப்பெட்டியைக் கிர்ஸி தனியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு எல்லோரையும் முந்திப் போனாள். அதைப் பார்த்த ஓட்டுநர்கள் இரண்டு பேர் வாயைப் பிளந்தார்கள். எத்தோரேயும் நானும் ரெனாத்தோவின் இருபக்கமும் கைகொடுத்து ஏற்றினோம். “விடுங்க பிள்ளைகளா, நீங்க போங்க, நான் மெதுவா...” என்றார் அவர். “பேசாம வாங்க பெரியவரே, மூச்சைப் பாட்டுக்கு வச்சுக்கோங்க,” என்றான் எத்தோரே.

மேலே வந்தபோது பெகிமாய் ரயிலின் வாசலில் இருந்தாள். ஒரு கால் ரயிலில், ஒரு கால் பிளாட்பாரத்தில். ஒவ்வொரு ஆளாக உள்ளே தள்ளித் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். விசிலோடு நின்ற ரயில்வே அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் காலை எடுக்கவில்லை. ரெனாத்தோ நொண்டிக்கொண்டு வருவதை அவர் கண்டார். கோட்டுக் கையை இழுத்துக் கடிகாரத்தை மறைத்து, வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ரெனாத்தோ ஏறினார். நாங்கள் ஏறினோம். பெகிமாய் காலை உள்ளே எடுத்தாள். விசில் ஒலித்தது.

ரயில் நகர்ந்தது. பிறகு ஓந்தினா வந்து, பெகிமாய்க்கு எதிரில் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை எடுத்து நீட்டினார்.

“நான் அது சாப்பிட மாட்டேன் அம்மா.”

“அப்படியா?” அவர் எழுந்து நின்று பெட்டிக்கே கேட்கும்படி கத்தினார்: “யார்கிட்டடா பன்றி இல்லாத சாப்பாடு இருக்கு? இங்க கொண்டு வாங்க!”

நாலாபக்கமிருந்தும் வந்தது. அவித்த முட்டை, மீன் அடைத்த ரொட்டி, ஆரஞ்சு, வாதுமை கேக். பெகிமாயின் மடி நிறைந்தது. அவள் சாப்பிட்டாள். அன்று காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வியன்னாவில் மெட்ரோவுக்கும் அவள்தான் முன்னால் நடந்தாள். ஒருநாளும் பார்த்திராத ஸ்டேஷனில் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடதுபக்கம் திரும்பினாள். பின்னால் ஒரு ஊரின் பேருந்து ஓட்டுநர்கள் வரிசையாக வந்தார்கள். கச்சேரி மண்டபத்தை அடைந்தபோது முந்தைய குழு பாடிக்கொண்டிருந்தது. ஆடை மாற்றவும், ரெனாத்தோ ஒரு நாற்காலியில் கால் நீட்டிக்கொள்ளவும் நேரம் இருந்தது.

எங்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர்கள் மேடையேறினார்கள். வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துத்துணி. ரயிலில் கேட்ட அதே குரல்கள்தான். ஆனால் அந்த உயரமான கூரைக்குக் கீழே அது வேறொன்றாக எழுந்தது. என் கையெல்லாம் சிலிர்த்தது. கிர்ஸி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஓந்தினா சபையைப் பார்த்துத் திரும்பினார். அவர் இத்தாலிய மொழியில் சொல்ல, விழாக்காரர் ஒருவர் ஜெர்மனில் சொன்னார். எத்தோரே எங்கள் காதில் சொன்னான்.

“நாங்க இருபத்தாறு பேரும் பஸ் ஓட்டுறவங்க. ஊரையே ஏத்தி இறக்குறவங்க. இன்னிக்கு எங்களை ஏத்தி இறக்கினவ ஒருத்தி இருக்கா. வழியில மரம் விழுந்துச்சு. எங்களுக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுது. அதோ, கடைசி வரிசை. எழுந்திரும்மா.”

பெகிமாய் எழவில்லை. நான் முழங்கையால் இடித்தேன். எழுந்தாள். மண்டபம் முழுக்கத் திரும்பியது.

“எந்த ஊர்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்,” என்றார் ஓந்தினா.

“நரின்,” என்றாள்.

“நாரினா?”

“நரின்!” என்று உரக்கச் சொன்னாள் பெகிமாய். முதுகு நிமிர்ந்திருந்தது. “கிர்கிஸ்தான். மலைமேல இருக்கு. நீங்க எல்லாரும் வரலாம்.”

கைதட்டல் எழுந்தது. முதலில் மேடையிலிருந்து, பிறகு எல்லாப் பக்கமிருந்தும். எனக்கு ஏதோ பரிசு கொடுத்ததுபோல் என் முகம் சூடேறியது. என் பக்கத்தில் இருந்த, யாரென்றே தெரியாத ஆஸ்திரியப் பெண்மணியிடம், “என் சிநேகிதி. எங்க விடுதி. ஒரே மாடி,” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் பேசிய மொழி புரிந்ததா என்று தெரியாது. தலையாட்டினார்.

கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் அப்போதே கிளம்ப வேண்டும். எத்தோரே எழப்போனான்.

“முடியற வரைக்கும் இருப்போம்,” என்றாள் பெகிமாய்.

“கிர்ஸிக்கு நாளைக்குப் பரீட்சை இருக்காம்டீ. இப்பத்தான் சொல்றா.”

“உக்காரு,” என்றாள் கிர்ஸி.

அன்று ஓட்டுநர்களுக்குக் கொடுத்திருந்த விடுதியில் எங்களுக்கும் படுக்க இடம் கொடுத்தார்கள். காலையில் முதல் ரயில். விடியும்போதே ஓந்தினா எழுந்து, சட்டைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தார். அவரிடம் பெகிமாய்க்குப் பேச மொழியில்லை. எத்தோரேவோ தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தான். ஓந்தினா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வண்டி நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்றார்.

கிர்ஸி பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வந்தாள். நேரத்துக்குப் போய் எழுதித் தேறவும் செய்தாள். பெகிமாய் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். ஜன்னலில் தலை இடித்தது. நான் என் சால்வையைச் சுருட்டி இடையில் வைத்தேன். ஆஸ்திரிய வயல்கள் முடிந்து செக் வயல்கள் தொடங்கியபோதும் அவள் கண் திறக்கவில்லை.

எல்லை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். எங்கள் மூன்று டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, அவளை எழுப்பக் கை நீட்டினார்.

“அவளை எழுப்பாதீங்க,” என்றேன், எனக்குத் தெரிந்த நாலு செக் சொல்லோடு ஆங்கிலத்தைக் கலந்து. “அவ டிக்கெட் என்கிட்ட இருக்கு. நேத்து இவ ஒரு பாடகர் குழுவையே மலையைத் தாண்டிக் கூட்டிட்டு வந்தா.”

அவருக்கு முழுசாகப் புரியவில்லை. எத்தோரே எழுந்து ரயில், மரம், மலை, ஓட்டம், பாட்டு என்று எல்லாவற்றையும் கையாலேயே நடித்துக் காட்டினான். நொண்டியும் காட்டினான். கிர்ஸி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, விட்டுப்போனவற்றைத் திருத்தினாள். பரிசோதகர் எதிர் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தேவிட்டார்.

“யார் வீட்டுப் பொண்ணு இது?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுப் பொண்ணு,” என்றான் எத்தோரே.

அவர் எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தூங்குகிறவள் முகத்தையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, அடுத்த பெட்டிக்குப் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.